ஞாயிற்றுக்கிழமை காலை யாருக்குச் சொந்தம்?



இன்றைக்கு எழுதப்போவது தல வரலாறும் இல்லை, விரத முறையும் இல்லை. நம்மில் நிறைய பேர் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும், ஆனால் வாய்விட்டுப் பேசாத ஒரு கேள்வி. நம்மை நம்பி ஒரு உயிர் படுக்கையில் கிடக்கும்போது, நாம் வெளியே போய் ஒரு வேளை சந்தோஷமாக இருக்கலாமா? அது சுயநலமா, இல்லை அதுவும் ஒரு கடமைதானா?

பொறுமையாகப் படியுங்கள். கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முதலில் எங்கள் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மதுரைக்காரர்கள். எனக்கு 55 வயது, என் மனைவிக்கு 50. கல்யாணமாகி 27 வருஷம். ஒரே மகள், வேலைக்காக வெளியூரில் இருக்கிறாள். என் அம்மாவுக்கு 82 வயது. ஆறு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. எழுந்து நடமாட முடியாது. சாப்பாடு, மருந்து, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாமே இன்னொருவர் கையால்தான். பகலில் மனைவி பார்த்துக்கொள்கிறார். ராத்திரி என் பொறுப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். படுக்கையில் ஆள் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்லாமலே தெரியும்.

இந்த நிலையில் மூன்று வருஷமாக நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்தால், மத்தியானம் பன்னிரண்டரைக்குள் வீடு திரும்பிவிடுவோம். அந்த ஆறரை மணி நேரமும் அம்மாவோடு இருப்பதற்குத் தெரிந்த ஒரு அம்மா வருகிறார். முன்பு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவர். கைப்பக்குவம் உள்ளவர்.

விதிகள் மூன்றுதான். ஒன்று, வீட்டிலிருந்து கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடும் தூரம்தான் போக வேண்டும். இரண்டு, அன்றைக்குக் காலையில் வீட்டு அடுப்பு பற்றவைக்கக் கூடாது. புளிச்சோறு கட்டுவது, ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றுவது எதுவும் கிடையாது. வழியில் எந்தக் கடை திறந்திருக்கிறதோ அங்கே இட்லி, இல்லையென்றால் ஒரு பருத்திப்பால். மூன்று, எங்கே போவது என்பதை ஒரு வாரம் நான் சொல்வேன், ஒரு வாரம் அவர் சொல்வார். மற்றவர் மறுபேச்சு பேசக்கூடாது.

இரண்டாவது விதி உங்களுக்குச் சின்னதாகத் தெரியலாம். அழகர்கோவிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். வேனிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். ஆண்கள் மரத்தடியில் துண்டை விரித்துப் படுப்பார்கள். பெண்கள் தூக்குச் சட்டியைத் திறந்து, இலை போட்டு, பரிமாறி, பிள்ளைகளுக்கு ஊட்டி, கடைசியில் பாத்திரத்தையும் கழுவிக்கொண்டிருப்பார்கள். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து சமைத்தவர்களும் அவர்கள்தான். ஊர் மாறியிருக்கிறது, அடுப்படி மாறவில்லை. அதனால்தான் முதல் வாரத்திலேயே இந்த விதியைப் போட்டுக்கொண்டோம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். கேட்டது என் அக்கா. சிவகாசியில் இருக்கிறாள். ஒரு நாள் போனில் நேராகவே கேட்டாள்.

“ஏன்டா தம்பி, வாரா வாரம் புருசனும் பொண்டாட்டியுமா ஊர் சுத்துறீங்களாம். அங்க அம்மா எந்திரிக்க முடியாம கெடக்கா. ஒனக்கு மனசு வருதா? அந்தக் காசுக்கு நாலு பேருக்குச் சோறு போட்டாலும் புண்ணியம். சுத்துறதெல்லாம் அப்பறம் சுத்திக்கலாம்ல?”

அக்கா கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அம்மா மேல் உயிரையே வைத்திருப்பவள். அவள் கேட்டதில் மூன்று வாதம் இருக்கிறது. அம்மாவால் முடியாதபோது நாம் அனுபவிக்கலாமா என்பது ஒன்று. அந்தப் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு இல்லையா என்பது ரெண்டாவது. சந்தோஷத்தைத் தள்ளிப்போடலாமே என்பது மூன்றாவது. மூன்றும் லேசில் தள்ளிவிடக்கூடியவை இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம். நோயாளியைப் பார்த்துக்கொள்வதும், நோயாளியோடு சேர்ந்து வாடுவதும் ஒன்று என்றே நாம் நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது ரெண்டு வேறு விஷயம். அம்மாவுக்கு நேரத்துக்குக் கஞ்சி வேண்டும், மருந்து வேண்டும், ஈரம் இல்லாத துணி வேண்டும், பேச்சுக்கு ஒரு குரல் வேண்டும். இது பராமரிப்பு. இதில் குறை வைத்துவிட்டு நான் கொடைக்கானல் போனாலும் தப்பு, கோயிலுக்குப் போனாலும் தப்பு. ஆனால் பராமரிப்பில் குறையே இல்லாதபோது, “அவங்களால முடியல, அதனால நாமளும் வீட்டுக்குள்ளயே கெடப்போம்” என்று உட்கார்ந்தால் அதனால் அம்மாவுக்கு ஒரு வாய் கஞ்சி கூடுதலாகப் போகிறதா? நான் பட்டினி கிடந்தால் அவர் வயிறு நிறையாது. என் மனைவி வெயிலையே பார்க்காமல் இருந்தால் அம்மாவின் இடது கைக்கு உயிர் வந்துவிடாது.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி “நாம் இல்லாத நேரத்தில் அவருக்கு என்ன குறைந்தது?” என்பதுதான். அதை வாரா வாரம் கேட்டுக்கொள்கிறோம். சாப்பிட்டாரா, மருந்து போனதா, புரட்டிப் போட்டார்களா என்று அந்த அம்மா ஒரு நோட்டில் நேரம் போட்டு எழுதிவைக்கிறார். திரும்பி வந்ததும் முதல் வேலை அந்த நோட்டைப் பார்ப்பது. அதில் குறை இருந்தால் அடுத்த வாரம் வண்டி கிளம்பாது.

இரண்டாவது, பணம். கணக்கைத் திறந்தே சொல்கிறேன். பெட்ரோல் 130 ரூபாய். ரெண்டு பேர் டிபன் 150 ரூபாய். பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு 500 ரூபாய். மொத்தம் 780. மாதத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம். எங்களுக்கு இது சின்னப் பணம் இல்லை.

ஆனால் ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். நான் தினமும் ரெண்டு வேளை கடையில் டீ குடிக்கிறேன், நண்பர்களோடு வடை சாப்பிடுகிறேன். மாதம் கூட்டினால் ஆயிரத்து ஐந்நூறாவது வரும். அந்தக் காசுக்கு அன்னதானம் பண்ணலாமே என்று இன்றுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வீட்டில் பெரிய டிவி வாங்கினோம், அப்போதும் கேட்கவில்லை. ஒரு பெண் வாரத்தில் ஆறரை மணி நேரம் வெளியே போனால்தான் தர்மக் கணக்கு நோட்டைத் திறக்கிறார்கள். தர்மம் செய்ய வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதை எல்லாச் செலவிலிருந்தும் எடுக்க வேண்டும். ஒருத்தருடைய ஒரே ஓய்விலிருந்து மட்டும் எடுப்பதற்குப் பெயர் தர்மம் இல்லை. இன்னொன்று, அந்த 780-இல் பெரும்பங்கு கூலியாகத்தான் போகிறது. உழைக்கிற ஒரு கைக்குப் போகும் பணம் வீண் செலவு ஆகாது.

மூன்றாவது வாதம்தான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. “அப்பறம் பாத்துக்கலாம்.”

தூரத்தில் இருப்பதை நாம் தள்ளிப்போடுவதில்லை. காசிக்கு டிக்கெட் போட்டால் நாள் குறித்துப் போய்விடுகிறோம். பக்கத்தில் இருப்பதைத்தான் தள்ளிப்போடுகிறோம். ஏனென்றால் அது எங்கேயும் போகாது என்று நம்புகிறோம். மதுரையிலிருந்து ஒத்தக்கடை பத்து கிலோமீட்டர். யானைமலை பெரிய யானை படுத்திருப்பது மாதிரி ரோட்டிலிருந்தே தெரியும். அதன் அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது. கி.பி. 770-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ள கோயில். கொஞ்ச தூரத்தில் லாடன் கோயில் என்று ஒரு சின்னக் குடைவரை. உள்ளே முருகனும் தெய்வானையும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துப் படைப்பு. அந்த மலையைத் தினமும் பார்த்துக்கொண்டு முப்பது வருஷம் குடியிருந்த ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். ஒரு தடவைகூட லாடன் கோயிலுக்குப் போனதில்லை. “இங்கனதான இருக்கு, எப்ப வேணாலும் போகலாம்” என்பார்கள். இப்போது அந்த அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் போய்விட்டது. படி ஏற முடியாது. மலை அங்கேயேதான் இருக்கிறது, போக வேண்டிய காலுக்குத்தான் தெம்பு இல்லை.

மலையாவது இருக்குமா என்றால், அதற்கும் உத்தரவாதம் இல்லை. மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காக அறுத்து எடுக்கப்பட்ட குன்றுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குன்று இருந்த இடத்தில் பள்ளமும் தண்ணீரும்தான் மிச்சம். அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். பாறையில் குடைந்த சிவன் கோயில், சமணர் படுகை, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழி எழுத்துக் கல்வெட்டு, ஏழு குன்றுகள், சுமார் 250 வகைப் பறவைகள் உள்ள இடம். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. சரியாக ரெண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஊர் ஊராக ஜனங்கள் திரண்டு போராடிய பிறகு 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. இரண்டாயிரம் வருஷம் நின்ற கல்வெட்டுக்கே “எப்ப வேணாலும் பாத்துக்கலாம்” என்று சொல்ல முடியவில்லை என்றால், ஐம்பது வயதுப் பெண்ணின் உடம்புக்கு எப்படிச் சொல்ல முடியும்?

மலையைத் தள்ளிப்போடுவது மாதிரியேதான் கணவன் மனைவியைத் தள்ளிப்போடுகிறான், மனைவி கணவனைத் தள்ளிப்போடுகிறாள். கூடவே இருப்பதால் பேச வேண்டியதில்லை, கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. வீட்டுக்குள் நாங்கள் பேசிக்கொள்வதை எழுதிவைத்தால் சிலிண்டர், கரண்ட் பில், டயபர், மாத்திரை, மகளின் போன் என்று ஐந்து தலைப்புக்குள் அடங்கிவிடும். அரிட்டாபட்டிக் கண்மாய்க் கரையில் நான் கல்வெட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது, மனைவி ஒவ்வொரு மரமாகக் கை காட்டிப் பேர் சொல்லிக்கொண்டு வந்தார். “இது உசிலை. எங்க ஆத்தா இத அரைச்சுத்தான் தலைக்குத் தேய்ச்சு விடும். இது வெப்பாலை. அந்தா தெரியுறது வாகை.” அவர் பிறந்த கிராமத்தைப் பற்றி, அவர் ஆத்தாவைப் பற்றி அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினார். 27 வருஷக் குடித்தனத்தில் வீட்டுக்குள் அந்தப் பேச்சு வருவதற்கு ஒரு மரம் இல்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நம் அன்பர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். “ஞாயித்துக்கிழமை எங்க போனீங்க?” என்று கேட்பவர்களிடம் “திருப்பரங்குன்றம்” என்று சொன்னால் முகம் மலர்கிறது. “பழமுதிர்சோலை” என்றால் “ஆகா, புண்ணியம்” என்கிறார்கள். “சும்மா தெப்பக்குளக் கரையில உக்காந்துட்டு வந்தோம்” என்றால் முகம் மாறுகிறது. கோயில் என்றால் புண்ணியம், குளம் என்றால் ஊர் சுற்றல்.

நாங்கள் முருகன் கோயிலுக்குப் போகாதவர்கள் இல்லை. மதுரைக்காரனுக்கு ஆறு படை வீட்டில் முதல் வீடும் கடைசி வீடும் ஊர் எல்லையிலேயே இருக்கிறது. அது கொடுத்துவைத்த விஷயம். ஆனால் சாமி கும்பிடப் போகும் நாளில் சாமி கும்பிடத்தான் போக வேண்டும். ஊர் வாயை அடைப்பதற்காக முருகனைச் சாக்கு வைக்கக் கூடாது. ஓய்வு வேண்டும் என்றால் ஓய்வு வேண்டும் என்று தலை நிமிர்ந்து சொல்ல முடிய வேண்டும். அதற்கு ஒரு கோயில் பேரைப் போர்த்தினால், சாமியிடமும் உண்மையாக இல்லை, கட்டினவளிடமும் உண்மையாக இல்லை. கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனால் கீழடி என்றே சொல்கிறோம். 2023 மார்ச்சில் திறந்தார்கள். அதற்குப் பிறகு நாலு தடவை போயாகிவிட்டது. அங்கே இருக்கும் தாயக்கட்டையையும் சில்லுகளையும் பார்த்துவிட்டு என் மனைவி சொன்னார், “அந்தக் காலத்துல பொம்பளைங்களுக்கு வெளையாட நேரம் இருந்திருக்குங்க.”

இதுவரை சொன்னது அக்காவின் கேள்விக்குப் பதில். ஆனால் இதைவிடக் கடினமான கேள்வியை என் மனைவியே கேட்டார். அதையும் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு முழுசாகாது.

கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போயிருந்தோம். அடிவாரத்தில் தாமரைக்குளம், பெரிய ஆலமரம், கருப்பசாமி கோயில். மேலே ஏறினால் பேச்சிப்பள்ளம் என்று ஒரு சுனை. அதை ஒட்டிய பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒன்றும் வேண்டாம் என்று வந்த மனிதர்கள் இருந்த இடம். அந்தப் படியில் உட்கார்ந்து மனைவி கேட்டார்.

“என்னங்க, ஒண்ணு கேக்கவா? வாரத்துல ஆறு மணி நேரம் நல்லாருக்கேன். மத்த நாளெல்லாம் கஷ்டமாயிருக்கு. இந்த ஆறு மணி நேரம் இருக்கப்போயி அந்தக் கஷ்டம் சரின்னு ஆயிருமா?”

நான் வேலைப் பங்கைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து ராத்திரி முறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். கையமர்த்தினார். “அது இல்லைங்க. நீங்க பாக்குறது எனக்குத் தெரியும். நான் கேக்குறது வேற. சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனேன், சேலை எடுத்துக் குடுத்தேன், அப்புறம் என்னன்னு நெறைய வீட்ல சொல்லுவாங்கல்ல? அது மாதிரி இந்த ஞாயித்துக்கிழமை எனக்குக் குடுக்குற சம்பளமா, இல்ல என்னோடதா?”

நாலைந்து நாள் அந்தக் கேள்வி மனசிலேயே ஓடியது. சம்பளத்துக்கும் சொந்தத்துக்கும் என்ன வித்தியாசம்? சம்பளம் என்றால் அது செய்த வேலைக்கு ஈடு. வாங்கிக்கொண்டால் மறுபடி வேலைக்கு வந்தாக வேண்டும். சொந்தம் என்றால் அதை வைத்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். ஆக, சோதித்துப் பார்க்க ஒரே வழிதான் இருக்கிறது. அவர் “இன்னைக்கு வரல” என்று சொன்னால் என்ன நடக்கிறது?

அந்தச் சோதனையும் தானாகவே வந்தது. போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு. ஆறு மணிக்கு நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் வந்து, “நான் எங்கயும் வரலைங்க. கதவைச் சாத்திட்டுத் தூங்கப்போறேன். பன்னெண்டரை வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க” என்றார். பார்த்துக்கொள்ளும் அம்மா வழக்கம்போல் வந்தார், வழக்கம்போல் அவருக்கு 500 ரூபாய். நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டினேன். உறவுக்காரர் ஒருவர் வந்தார். “வீட்ல இல்லையா?” என்றார். “இருக்காங்க, இன்னைக்கு அவங்களுக்கு லீவு” என்றேன். காபியை நான் போட்டேன். பன்னிரண்டரைக்குக் கதவு திறந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. நாம் ஒருத்தருக்குக் கடன்பட்டிருப்பது சுற்றுலா இல்லை. யாரும் உரிமை கொண்டாட முடியாத ஒரு பொழுது. நோயாளிக்கும், புருஷனுக்கும், பிள்ளைக்கும், விருந்தாளிக்கும் அந்த நேரத்தின் மேல் பாத்தியதை கிடையாது. அதை வைத்து மலைக்குப் போவதா, குளக்கரையில் உட்காருவதா, கதவைச் சாத்தித் தூங்குவதா என்பது அவர் இஷ்டம். என்னோடு வருவதும் அவர் இஷ்டம்தான். அப்படி இஷ்டப்பட்டு அவர் வண்டியில் பின்னால் ஏறும்போது, அந்தப் பயணத்துக்கு வேறு மதிப்பு வந்துவிடுகிறது. போகாத ஞாயிறும் கணக்கில் சேர்ந்தால்தான் போகிற ஞாயிறு உண்மையான ஞாயிறு.

அப்போ அந்த “மத்த நாளெல்லாம் கஷ்டம்” சரியாகிவிட்டதா? இல்லை. ஆகாது. ஒரு காலை வேளை ஓய்வு மற்ற ஆறு நாளை நியாயப்படுத்தாது. அந்தக் கஷ்டத்தைத் தனியாகப் பங்கு போட்டுத்தான் தீர்க்க வேண்டும், ஊர் சுற்றி அல்ல. ரெண்டையும் குழப்பிக்கொண்டால்தான் வெளியே கூட்டிப்போவது லஞ்சமாகிவிடுகிறது.

அம்மாவைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். சில ஞாயிறு நாங்கள் திரும்பியதும், “எங்கய்யா போனீங்க?” என்று கேட்பார். சொல்வோம். ஒரு தடவை வண்டியூர்த் தெப்பக்குளம் என்றதும், கல்யாணமான புதிதில் தைப்பூசத் தெப்பம் பார்க்க மாட்டு வண்டியில் வந்ததையும், கூட்டத்தில் செருப்பைத் தொலைத்ததையும் குழறிக் குழறிச் சொன்னார். திருமலை நாயக்கர் காலத்துக் குளம், 1645-இல் வெட்டியது. அந்தக் குளம் எங்கள் மூன்று பேருக்கும் பொதுவாகிப்போனது அன்றைக்குத்தான். ஆனால் எல்லா ஞாயிறும் அப்படி இல்லை. சில நாள் எதுவும் கேட்க மாட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். நோட்டில் எல்லாம் சரியாக இருக்கும், முகம் சரியாக இருக்காது.

அந்த முகத்தைப் பார்க்கும்போது நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. அந்த வலிக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் வலி இருப்பதாலேயே நாம் செய்தது பாவம் என்று ஆகிவிடாது என்பதை மட்டும் புரிந்துகொண்டிருக்கிறேன். துக்கம் வேறு, குற்றம் வேறு. ஒருவர் நடக்க முடியாமல் போனது துக்கம். அந்தத் துக்கம் நம் வீட்டில் இருக்கும், இருக்கட்டும். அதைத் தீர்ப்பதற்காக இன்னொரு பெண்ணையும் படுக்கைக்குப் பக்கத்திலேயே கட்டிப்போட்டால் வீட்டில் துக்கம் ரெண்டாகுமே தவிர, பாதியாகக் குறையாது. திரும்பி வந்ததும் மனைவி அம்மாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துத் தண்ணீர் கொடுக்கும்போது அந்தக் கையில் அவசரம் இல்லை. எரிச்சல் இல்லை. அது எனக்குத் தெரிகிறது. சுவர்ப் பக்கம் திரும்பினாலும், அம்மாவுக்கும் அது தெரியும் என்றே நினைக்கிறேன்.

அக்காவிடம் இதையெல்லாம் வாதமாகச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். “அக்கா, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நீ வந்து அம்மா கூட இரேன். ஒனக்கும் அம்மாவைப் பாத்த மாதிரி இருக்கும்.” கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த மாதமே சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வந்துவிட்டாள். இப்போது மாதம் ஒருமுறை வருகிறாள். அம்மாவுக்குத் தலை வாரிப் பின்னிவிடுகிறாள், ரெண்டு பேரும் பழைய கதை பேசுகிறார்கள். அக்கா இருக்கும் அந்த ஒரு நாள் மட்டும் நாங்கள் சாயங்காலம் வரை வெளியே இருக்கிறோம்.

அப்படி ஒரு நாள் மனைவி கேட்டது ரயில். மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010 கடைசியோடு நின்றுபோனது. அகலப்பாதையாக மாற்றி 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் மறுபடி ரயில் விட்டார்கள். “எறங்கி எதையும் பாக்க வேணாம். ஜன்னலோரம் உக்காந்து ஆண்டிப்பட்டிக் கணவாய் வழியாப் போயிட்டு வந்தாப் போதும்” என்றார். காலையில் ஏறினோம். தேனியில் இறங்கி, சாப்பிட்டு, ஒரு மர நிழலில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் அதே ரயிலில் திரும்பினோம். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. மலை வந்தது, மலை போனது. ஆனால் திரும்பும் வழியில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். எந்த மணியும் அடித்து எழுப்பாத தூக்கம்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது படுக்கையில் இருக்கலாம். மனநிலை சரியில்லாத பிள்ளை இருக்கலாம். பார்த்துக்கொள்ளும் கை ஒன்று இருக்கும், பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் கையாகத்தான் இருக்கும். ஆள் வைக்க வசதி இல்லை என்றால் ஆறரை மணி நேரம் வேண்டாம். ஒரு மணி நேரம் போதும். தெரு முனைப் பிள்ளையார் கோயில் திண்ணை போதும். “நான் பாத்துக்கிறேன், நீ போயிட்டு வா” என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள் கணவனாக இருக்கலாம், மகனாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். “இது தர்மமா?” என்று போனில் கேட்கும் சொந்தக்காரராகவும் இருக்கலாம். கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. கேட்டுவிட்டால் ஒரு ஞாயிறு வந்து உட்கார்வது கடமை ஆகிவிடுகிறது.

உங்கள் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் நீங்கள் பார்க்காத ஒரு குன்று, ஒரு கண்மாய், ஒரு பழைய கோயில் கட்டாயம் இருக்கும். அங்கே போகிறீர்களோ இல்லையோ, இன்று ராத்திரி வீட்டில் அந்தக் கையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். “வாரத்துல எந்த நேரம் ஒனக்கே ஒனக்குன்னு இருக்கு?” பதில் வர நேரமாகலாம். காத்திருங்கள்.

வரும் ஞாயிறு என் மனைவியின் முறை. எங்கே என்று இன்னும் சொல்லவில்லை. தூங்கவும் செய்யலாம்.

பதிவு பிடித்திருந்தால், இது தேவைப்படுகிற ஒரு வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.